பீளமேட்டிலிருந்து கட்டுநாயக்க வரை

திருப்பூரிலிருந்து கொழும்புக்கு நேர்கோட்டில் அளந்தால் சுமார் 540 கிலோமீட்டர். அதே திருப்பூரிலிருந்து ஹைதராபாத் சுமார் 700 கிலோமீட்டர். வரைபடத்தின்மேல் ஸ்கேலை வைத்துக் காட்டினால்தான் பலரும் இதை ஒப்புக்கொள்வார்கள். ஹைதராபாத் என்றால் சபரி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் மறுநாள் போய்ச் சேர்கிற ஊர். சரக்குப் போட்ட ஊர், வசூலுக்குப் போன ஊர். கொழும்பு கடலுக்கு அந்தப் பக்கம், பாஸ்போர்ட் கேட்கும் ஊர். மனசு கிலோமீட்டரில் அளப்பதில்லை. இதில் மனசை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. பக்கத்து நாட்டு ஊருக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்ற சாதாரணக் கேள்வியைத் திருப்பூரில் நின்றுகொண்டு கேட்டால், ஆளுக்கு ஒரு விடை, சரக்குக்கு ஒரு விடை, அரசாங்கத் தாளுக்கு வேறொரு விடை என்று மூன்று விடைகள் கிடைக்கின்றன. மூன்றும் உண்மைதான்.

முதலில் ஆளின் கணக்கு. திருப்பூருக்கென்று பயணிகள் விமான நிலையம் இல்லை. அவிநாசி சாலையில் 45 கிலோமீட்டர் போனால் பீளமேடு. கோவை விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. அதன் இருப்பிடம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11.03 பாகை, கிழக்குத் தீர்க்கம் 77.04 பாகை. எதிர்முனையில் பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையம் 7.18 பாகை வடக்கு, 79.88 பாகை கிழக்கு. உருண்டையான பூமியின்மேல் இந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் மிகக் குட்டையான வளைகோடு ஏறத்தாழ 530 கிலோமீட்டர். இணையத்தில் தூரம் சொல்லும் கருவிகள் எல்லாம் செய்வது இந்த ஒரு கணக்கைத்தான். அந்தக் கோட்டில் விமானம் ஓடுகிறதா என்று அவை பார்ப்பதில்லை.

கொழும்பு விமான நிலையம் என்று நாம் சொல்வது கொழும்பில் இல்லை. நகரத்துக்கு வடக்கே 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, நீர்கொழும்புக்குப் பக்கத்தில், கட்டுநாயக்க என்ற ஊரில் இருக்கிறது. இலங்கையின் முதல் ஏற்றுமதி வலயம் 1978இல் தொடங்கப்பட்டதும் அதே ஊரில்தான், விமான நிலையத்தை ஒட்டி. ஆடைத் தொழிற்சாலைகள் அங்கே வரிசையாக வந்தன. கிராமங்களிலிருந்து இளம்பெண்கள் வேலைக்கு வந்து, வாடகை அறைகளில் நாலைந்து பேராகத் தங்கினார்கள். திருப்பூரின் ஏற்றுமதிக் கதையிலும் அதே 1978 வருகிறது. வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை வியாபாரிகள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கே வந்த ஆண்டு என்று பனியன் தொழிலின் வரலாறு சொல்பவர்கள் எல்லோரும் அதைக் குறிப்பிடுகிறார்கள். ஆக, கோவை–கொழும்பு என்று டிக்கெட்டில் அச்சாகும் விமானம் ஒரு தையல் ஊருக்கு அருகில் கிளம்பி இன்னொரு தையல் ஊரிலேயே இறங்குகிறது. ஒரே வெளிநாட்டுப் பையர்களுக்குத் தைத்துக் கொடுக்கும் இரண்டு ஊர்கள், ஒன்றையொன்று அதிகம் பார்க்காமலே வளர்ந்திருக்கின்றன.

530 கிலோமீட்டரை ஜெட் விமானம் எவ்வளவு நேரத்தில் கடக்கும்? மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு வகுத்தால் 40 நிமிடம். ஆனால் இந்தத் தூரத்துக்கு விமான நிறுவனங்கள் அட்டவணையில் போடுவது ஒன்றே கால் மணி நேரத்தை ஒட்டி வரும். அட்டவணை நேரம் என்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து அந்தப் பக்கம் போய் மறுபடி கட்டை வைக்கும்வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிராக எழும்பிப் பிறகு திரும்புவது, முன்னால் இறங்க வேண்டியவர்களுக்காகச் சுற்றுவது எல்லாம் அதில் அடக்கம். குட்டைப் பயணத்தில் விமானம் மேலே ஏற இருபது நிமிடம், இறங்க இருபத்தைந்து நிமிடம் என்று போய்விடும். முழு வேகத்தில் பறப்பது நடுவில் கொஞ்ச நேரம்தான். அதனால்தான் கோவையிலிருந்து சிங்கப்பூர் ஆறு மடங்கு தூரம், ஏறத்தாழ 3,150 கிலோமீட்டர் இருந்தும், நேரம் ஆறு மடங்கு ஆவதில்லை. நாலே கால், நாலரை மணி நேரத்தில் போய்விடுகிறது.

இந்தச் சிங்கப்பூர் ஒப்பீட்டைப் போகிறபோக்கில் சொல்லவில்லை. கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. 2,700 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சார்ஜாவுக்கு இருக்கிறது. அபுதாபிக்கு 2024இல் வந்தது. கொழும்புக்கு? ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2017 ஜூலையில் கோவைக்குப் பறக்கத் தொடங்கியது. கொரோனா காலத்தில் நின்ற சேவை பிறகு திரும்பவில்லை. ஆகவே இப்போது கொழும்புக்குப் போக வேண்டியவர் கோவையிலிருந்து முதலில் வடகிழக்கே சென்னைக்கு 400 கிலோமீட்டர் பறந்து, உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்கு மாறி, அங்கிருந்து தெற்கே 640 கிலோமீட்டர் வரவேண்டும். 530 கிலோமீட்டர் 1,040 ஆகிறது. நேரமோ, சென்னையில் காத்திருக்கும் மூன்று மணி நேரத்தையும் சேர்த்தால், விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கே ஆறு மணியைத் தொடுகிறது. கொங்கு நாட்டுக்காரருக்குக் கொழும்பைவிடச் சிங்கப்பூர் பக்கம் என்று சொன்னால் அது மிகையே இல்லை.

விவரம் தெரிந்தவர்கள் சென்னைக்குப் போவதில்லை. காங்கேயம், கரூர் வழியாகக் காரில் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் திருச்சி. அங்கிருந்து கொழும்புக்கு 420 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பறப்பு. மதுரையிலிருந்து கொழும்பு இன்னும் கிட்டம், 350 கிலோமீட்டர். மதுரையின் முதல் பன்னாட்டு விமானமே 2012இல் ஸ்பைஸ்ஜெட் கொழும்புக்கு விட்டதுதான். திருச்சிக்கும் கொழும்புக்கும் இருக்கும் தொடர்பு இன்னும் பழையது. 1938இல் டாடாவின் அஞ்சல் விமானம் சென்னை, திருச்சி வழியாகக் கொழும்புக்குத் தெற்கே இருக்கும் இரத்மலானையில் போய் இறங்கியது. கோவை விமான நிலையம் திறந்ததே 1940இல்தான். தமிழ்நாட்டில் இலங்கையின் வாசல் எது என்று அப்போது விழுந்த கோடு இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை.

வானத்தில் கோடு போடுவது நிறுவனத்தின் விருப்பம் மட்டும் அல்ல. எந்த வெளிநாட்டு விமானம் எந்த ஊரில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கை விற்கலாம் என்பதை இரண்டு அரசுகளும் ஊர்ப் பெயர் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கின்றன. அந்தப் பட்டியல்களில் கோவையின் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கொங்குப் பகுதித் தொழில் அமைப்புகள் எழுதிய மனுக்களைக் கட்டிவைத்தால் ஒரு அலமாரி நிறையும். 2016இல் வந்த தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கை சார்க் நாடுகளோடு பரஸ்பர அடிப்படையில் கட்டுப்பாடற்ற வான்வழி என்று சொன்னது. கதவைத் திறந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே வர ஆள் வேண்டும் அல்லவா? ஸ்ரீலங்கனின் வியாபாரம் இந்தியரைக் கொழும்புக்குக் கொண்டுபோவதோடு முடிவதில்லை. கட்டுநாயக்கவில் இறக்கி வேறு விமானத்தில் ஏற்றி மாலைதீவுக்கும் மெல்பர்னுக்கும் அனுப்பினால்தான் கணக்கு கட்டுப்படியாகும். 2022இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபின், இருக்கிற விமானங்களை நிச்சயமாக நிரம்பும் ஊர்களுக்கு ஓட்டவே அதற்குச் சரியாக இருந்தது.

இனி சரக்கின் கணக்கு. திருப்பூர் மனிதர் அபூர்வமாகப் போகும் கொழும்புக்குத் திருப்பூர்ச் சட்டை ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது. போகிறது என்பதைவிட அந்த வழியாகக் கடக்கிறது என்பதே சரி. கண்டெய்னர் லாரி தாராபுரம், திண்டுக்கல், மதுரை வழியாக 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடித் தூத்துக்குடி போகிறது. அங்கே ஃபீடர் கப்பலில் ஏறி ஒரு ராத்திரிப் பயணத்தில் கொழும்புத் துறைமுகம். ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையே ஓடும் பெரிய கப்பல்கள் தங்கள் வழியை அதிகம் விட்டு விலகாமல் தொடக்கூடிய ஆழமான துறைமுகம் அது. கொழும்பு கையாளும் கண்டெய்னர்களில் பெரும்பகுதி இப்படிக் கப்பல் மாற வந்தவைதான். அதில் இந்தியச் சரக்கு கணிசம். லாரியும் கப்பலும் சேர்ந்து கடக்கும் தூரம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். நேர்கோட்டுத் தூரத்தைவிட அறுபது கிலோமீட்டர் போலத்தான் கூடுதல். ஆளுக்கு இரட்டிப்பான பாதை சட்டைக்கு இரட்டிப்பாகவில்லை. இலங்கை மண்ணில் கால் வைக்காமல், துறைமுகத்து முற்றத்திலேயே காத்திருந்து, தாய்க்கப்பல் வந்ததும் ஏறிப் போய்விடுகிறது.

ஆனால் திருப்பூரில் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் பேசுவதில்லை. கப்பலா, ஏரா என்பதுதான் பேச்சு. ஷிப்மென்ட் தேதி நெருங்கும் ராத்திரியில் பேக்கிங் செக்ஷனைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு பக்கம் செக்கிங் முடியாத பீஸ்கள் மலையாக, இன்னொரு பக்கம் அயர்ன் டேபிளில் ஆவி. மெர்ச்சண்டைசர் போனைக் காதைவிட்டு எடுக்காமல் ஃபார்வர்டரிடம் வெசல் கட்-ஆஃப் நேரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். லாரி தூத்துக்குடி சேர வேண்டிய நேரம் தவறினால் அடுத்த கப்பல் அடுத்த வாரம். சாயத்தில் ஷேடு வந்து பத்து நாள் போயிருந்தால் அந்த அடுத்த வாரத்துக்குப் பையர் ஒத்துக்கொள்ள மாட்டார். பிறகு ஏரில் அனுப்ப வேண்டியதுதான். தாமதம் யாருடையதோ அவர் தலையில் செலவு, அது பெரும்பாலும் கம்பெனியின் தலை.

அந்தச் செலவு எப்படி ஏறுகிறது என்பதற்கு ஒரு பெட்டியைப் பார்க்கலாம். நீளம் 60, அகலம் 40, உயரம் 40 சென்டிமீட்டர். 150 கிராம் டி-ஷர்ட் நூறு வைத்தால் 15 கிலோ, அட்டைப் பெட்டியும் சேர்ந்து 16. விமானச் சரக்கில் எடையும் பார்ப்பார்கள், இடமும் பார்ப்பார்கள்; நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 6,000 ஆல் வகுத்து வருகிற எண்ணுக்கும் நிஜ எடைக்கும் எது கூடுதலோ அதற்குக் காசு. இந்தப் பெட்டிக்கு வகுத்தாலும் 16 வருகிறது, அடக்கமான சரக்கு. அதே பெட்டியில் குளிர்காலத்து ஹூடி 24 வைத்தால் பத்து கிலோதான் நிற்கும், ஆனால் கட்டுவது 16 கிலோவுக்கு. மிச்ச ஆறு கிலோ, பஞ்சுக்குள் இருக்கும் காற்றுக்கான கூலி. இப்படிப்பட்ட பெட்டிகள் நாற்பதடி உயரக் கண்டெய்னர் ஒன்றில் எழுநூறு போல அடங்கும். டி-ஷர்ட் என்றால் எழுபதாயிரம். கோவைக்கு வந்துபோகும் ஏ320 ரக விமானம் பயணிகளின் பெட்டிபோகத் தன் வயிற்றில் எடுத்துக்கொள்வது சில டன் மட்டுமே. எனவே ஏர் சரக்கும் பெரும்பாலும் லாரியில்தான் ஊரைவிட்டுக் கிளம்புகிறது. சென்னைக்கோ பெங்களூருக்கோ கொச்சிக்கோ போய் அங்கே பெரிய விமானம் ஏறுகிறது. கோவையின் ஓடுபாதை மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதை நீட்ட நிலம் எடுக்கும் பேச்சு 2010இல் தொடங்கியது. நிலத்தின் பெரும்பகுதி கைமாறவே பதினான்கு ஆண்டுகள் ஆயின. இந்தத் தாமதத்துக்கு இன்றுவரை யாரும் ஏர் சார்ஜ் கட்டவில்லை.

கடல் தூரமும் நிலையானது அல்ல என்பதை 2023 நவம்பரில் செங்கடல் காட்டியது. ஹூதிகளின் தாக்குதலுக்குப் பயந்து கப்பல்கள் சூயஸைவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கியதும், ஐரோப்பாவுக்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை கூடிவிட்டது. அதாவது, ரோட்டர்டாமும் ஹாம்பர்க்கும் திருப்பூரைவிட்டு இரண்டு வாரம் விலகிப்போயின. தூத்துக்குடியும் கொழும்பும் இருந்த இடத்திலேயே இருந்தன. 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகம் கொழும்பின் வேலையில் ஒரு பங்கை இந்தியக் கரைக்கே இழுக்கும் என்கிறார்கள். ஆழத்தில் அதற்குக் குறையில்லை. ஆனால் திருப்பூர் லாரி நேராகப் போய் இறக்கும் அளவுக்குச் சாலையும் ரயிலும் அமைந்து, அங்கே தொடும் கப்பல்களும் பெருகினால்தான் கொழும்புக் கணக்கு மாறும்.

மூன்றாவது, தாளின் கணக்கு. இதற்கு இலங்கையைவிட வங்கதேசம் நல்ல உதாரணம். திருப்பூரிலிருந்து டாக்கா ஏறத்தாழ 1,970 கிலோமீட்டர். போட்டி ஊர் என்று சொல்லிக்கொண்டாலும் தமிழ்நாட்டு ஸ்பின்னிங் மில்களுக்கு அது பெரிய வாடிக்கை; இங்கே நூற்ற நூல் அங்கே துணியாகிச் சட்டையாகிறது. அந்தச் சட்டை மறுபடி வரியில்லாமல் இந்தியக் கடைகளுக்கு வருவதற்கு 2011இல் வழி பிறந்தது. இதில் கணிசமான பகுதி பெட்ராபோல்–பெனாபோல் எல்லைக் கேட்டு வழியாக லாரியில் ஓடிக்கொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் வங்கதேசம் தரைவழியாக இந்திய நூல் வரக்கூடாது என்றது. அதே மாதம் இந்தியா, தன் துறைமுகங்களையும் விமான நிலையங்களையும் மூன்றாம் நாட்டுக்குப் போகும் வங்கதேசச் சரக்குக்குத் தந்திருந்த வசதியை நிறுத்தியது. மே 17 அன்று அடுத்த உத்தரவு: வங்கதேச ஆயத்த ஆடை இனி நவ சேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டும்.

டாக்காவுக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே நேர்கோட்டில் 250 கிலோமீட்டர். அந்த உத்தரவு வந்த மறுநாள், அதே சட்டை முதலில் சிட்டகாங் போய்க் கப்பலேறிக் கடல் சுற்றி வர வேண்டியதாயிற்று. மும்பைப் பக்கம் விற்க வேண்டுமென்றால் தீபகற்பம் முழுவதையும் சுற்ற வேண்டும். ஒரு கிலோமீட்டர்கூட மாறாமல் தூரம் பல மடங்கானது இப்படித்தான். திருப்பூரில் இதை வரவேற்றார்கள். அங்கே தைக்கக் கொடுத்திருந்த உள்நாட்டு பிராண்டுகளின் ஆர்டர் இங்கே திரும்பும் என்ற எதிர்பார்ப்பு. நூல் மில்காரர்களுக்கு அந்த மகிழ்ச்சி இல்லை. ஒரே மாவட்டத்துக்குள் ஒருவருக்கு நன்மையான தூரம் இன்னொருவருக்கு நஷ்டம்.

இலங்கைக்கும் நமக்கும் இடையே தூரத்தை மாற்றியது தாள் மட்டுமல்ல, புயலும் போரும்கூடத்தான். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில் என்று ஒரே டிக்கெட்டில் போனார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலை எண்பதுகளில் போர் நிறுத்தியது. 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு ஸ்கோஷியா பிரின்ஸ் வந்து சில மாதங்களில் போய்விட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் தொடங்கிய படகும் நின்று நின்றுதான் ஓடுகிறது. கடிகாரம்கூட ஒத்துவராத காலம் இருந்தது. 1996இல் இலங்கை தன் நேரத்தை முன்னால் தள்ளிவைத்து, 2006 ஏப்ரலில்தான் இந்திய நேரத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டுகளின் பெரும்பகுதியில் ஒரு மணி நேரம் பறந்து இறங்கியவர் கடிகாரத்தை அரை மணி முன்னால் திருப்ப வேண்டியிருந்தது.

கோவை–கொழும்பு விமானத்துக்கு ஆள் இருக்கிறதா என்ற கேள்விக்குச் சுற்றுலாவையும் பையரையும் மட்டும் எண்ணுவது என் பார்வையில் பாதிக் கணக்குதான். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. வந்தவர்களில் பெருந்தொகையானோர் நீலகிரியில் குடியமர்ந்தார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் அரசு தேயிலைத் தோட்டங்கள் எழுந்ததே அவர்களுக்காகத்தான். அவர்களுடைய சித்தப்பா, அத்தை குடும்பங்கள் ஹட்டனிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் தங்கிவிட்டன. நீலகிரிக்குக் கிட்டத்தில் இருக்கும் பன்னாட்டு விமான நிலையம் பீளமேடு. மூன்றாம் தலைமுறையில் வேலைக்குப் பனியன் கம்பெனிகளுக்கு வருகிறவர்கள் அந்த மலையிலிருந்தும் இறங்குகிறார்கள். கல்யாணம், சாவு என்று வந்தால் அவர்கள் சென்னைக்கோ திருச்சிக்கோ ஓட வேண்டியிருக்கிறது.

இருக்கிற இடர்ப்பாட்டில் ஒரு பகுதி விமானத்தின் அளவு. ஸ்ரீலங்கனிடம் இருப்பவை எல்லாம் ஏர்பஸ். மிகச் சிறியதே நூற்றைம்பது இருக்கை அளவு. வாரத்தில் சில நாட்களுக்கு அதை நிரப்புவதுதான் கோவையில் கடினம். ஆனால் 2019 நவம்பரில் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் சேவை தொடங்கிய அலையன்ஸ் ஏர், எழுபது பேர் அமரும் ஏ.டி.ஆர். 72 ரக டர்போப்ராப் விமானத்தைக் கொண்டுதான் அதைச் செய்தது. 2024 செப்டம்பரில் அதே வழியில் இண்டிகோவும் தன் ஏ.டி.ஆரை இறக்கியது. அந்த விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். கோவை–கட்டுநாயக்க 530 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி, ஒன்றே முக்கால் மணி ஆகலாம். ஜெட்டைவிட அரை மணி கூடுதல், சென்னையைச் சுற்றுவதைவிட நாலு மணி குறைவு. சார்ஜா, சிங்கப்பூர் விமானங்களுக்காகக் குடியேற்ற அதிகாரிகளும் சுங்கத்தாரும் கோவையில் ஏற்கெனவே பணியில் இருக்கிறார்கள். எழுபது இருக்கையில் வாரம் மூன்று நாள் என்றால் ஒரு பக்கத்துக்கு 210 பேர். நீலகிரியும் கோவையும் ஈரோடும் திருப்பூரும் சேர்ந்து அந்த 210 பேரைத் தருமா என்பதை ஒரு பருவம் ஓட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியும்.